தெப்பத்துக்கு நங்கூரம் கட்டிய கதை

எங்கள் பட்டறை இலங்கை மலையகத்தில், மஸ்கெலியாப் பக்கம். கொழுந்து லொறிக்குப் பின்கதவு, லயத்துக் கூரைக்குச் சட்டம், கோயிலுக்குக் கேட், எப்போதாவது தேயிலை ஸ்டோரில், அதாவது தொழிற்சாலையில், உடைந்த ஏதாவது ஒரு ஷாஃப்ட். நங்கூரம் என்ற சொல்லைப் பள்ளிக்கூடப் புத்தகத்துக்குப் பிறகு நான் வாயால் சொன்னதாகவே ஞாபகம் இல்லை. கடல் மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டருக்கு மேலே இருக்கிறவனுக்கு அது எதற்கு?

ஒரு முதலாளி வந்தார். மவுசாகலை நீர்த்தேக்கத்தின் அக்கரைக்கு உரம், சீமெந்து, கல் எல்லாம் கொண்டுபோக இரும்பில் ஒரு பார்ஜ், அதாவது சரக்குப் படகு, செய்து வைத்திருந்தார். அணைக்குப் பொறுப்பானவர்களிடம் எழுத்தில் அனுமதியும் வாங்கியிருந்தார். 9 மீட்டர் நீளம், 3.6 மீட்டர் அகலம், தட்டையான அடி, பின்னால் சின்னதாக ஒரு கேபின், அவுட்போர்ட் எஞ்சின். கரையில் பார்த்த சனம் அதைத் தெப்பம் என்றுதான் சொன்னது. எனக்கும் அதுவே வாயில் வந்துவிட்டது.

சிக்கல் மிதப்பதில் இல்லை, நிற்பதில் இருந்தது. இந்தத் தண்ணீருக்கு நிரந்தரமான கரை கிடையாது. கேனியன் மின்நிலையம் தண்ணீரை எடுக்க எடுக்க மட்டம் இறங்கும், ஆனி ஆடி மழையில் ஏறும். இன்றைக்குக் கட்டிய இறங்குதுறை மாசியில் காய்ந்த மேட்டில் நிற்கும். அதனால் துறை எதுவும் இல்லாமல், தெப்பத்தின் மூக்கை நேரே மண்ணில் முட்டவைத்துத்தான் சரக்கு இறக்க வேண்டும். அப்போது பின்பக்கத்தைக் காற்று தள்ளிக்கொண்டு போனால் தெப்பம் கரையோடு கரையாகப் படுத்துவிடும். அதைத் தடுக்க, கரையை நெருங்கும்போதே பின்னால் தண்ணீரில் ஒரு நங்கூரத்தைப் போட்டுவிட்டுக் கயிற்றை விட்டுக்கொண்டே வரவேண்டும். இறக்கி முடிந்ததும் அதே கயிற்றை வின்ச்சில், அதாவது கயிறு சுற்றி இழுக்கும் உருளையில், சுற்றினால் தெப்பம் தன்னைத் தானே மண்ணிலிருந்து பின்னுக்கு இழுத்துக்கொள்ளும். இது ஒன்றும் என் கண்டுபிடிப்பு இல்லை. இரண்டாம் உலக யுத்தக் காலத்தில் கரையில் ஏறி டாங்கி இறக்கிய கப்பல்கள் செய்த வேலைதான்.

முதலில் வந்தது பந்தா இல்லாத வழி. 20 மில்லிமீட்டர் முறுக்குக் கம்பியை வளைத்து நாலு கொக்கி, நடுவில் ஒரு குழாய், மேலே வளையம். கடற்கரையில் சின்னப் படகுக்காரர்கள் வைத்திருப்பதைப் போல. அரை நாள் வேலை, 18 கிலோ. அதில் கடையில் கிடைத்த நீலப் பிளாஸ்டிக் கயிற்றைக் கட்டினோம். இரண்டு தடவை பிரமாதமாகப் பிடித்தது. மூன்றாவது தடவை பிடித்த பிடியை விடவே இல்லை. நாலு பேர் இழுத்தும் அசையவில்லை, எஞ்சினைப் போட்டு இழுத்தோம், தெப்பம்தான் வட்டம் அடித்தது. சிவனொளிபாதமலைப் பக்கமிருந்து காற்று ஏறத் தொடங்கிவிட்டது. கத்தியால் கயிற்றை அறுத்துவிட்டு வந்தோம். அறுத்த நுனி, பிளாஸ்டிக் கயிறு அல்லவா, மிதந்து வந்து புரொப்பெல்லரில் சுற்றியது. முதலாளி அன்றைக்கு என்னோடு பேசவில்லை.

வீட்டில் பெரியப்பாவிடம் சொன்னேன். அவர் தோட்டத்தில் பழைய தேயிலை பிடுங்கும் வேலையில் வருஷக்கணக்காக இருந்தவர். கிழட்டுச் செடியைக் கைவின்ச் போட்டு வேரோடு கழற்றுவார்கள். கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"ஏன்டா, அது தண்ணிக்கு அடியில தேயில வேரைப் புடிச்சிருக்கு. நீ மேல இருந்து இழுத்தா வருமா? எந்தப் பக்கம் போச்சோ அந்தப் பக்கமே இழுக்கணும்."

அப்போதுதான் உறைத்தது. 1969இல் இந்த அணை கட்டியபோது தண்ணீருக்குள் போனது வெறும் பள்ளத்தாக்கு இல்லை. பழைய மஸ்கெலியா நகரம் அடியில் இருக்கிறது. மட்டம் நன்றாக இறங்கினால் பழைய கோயில் தலையை நீட்டும், பார்க்கச் சனம் திரளும். நகரத்தைச் சுற்றித் தேயிலை மலை. அடி முழுக்க வேர்க்கட்டை, கல் கட்டு, குறுக்காக வெட்டிய கான், அதாவது வடிகால். எதை வேண்டுமானாலும் பிடிக்கிற கொக்கி நங்கூரம் அங்கே பிடிக்கத்தான் செய்யும், திரும்ப வராது. நங்கூரம் தேடுகிறவர் எவ்வளவு பிடிக்கும் என்றுதான் கேட்பார். எப்படித் திரும்ப எடுப்பது என்ற கேள்வி எனக்கு ஒரு நங்கூரம் போன பிறகுதான் வந்தது.

அடுத்தது முதலாளியின் யோசனை. நீர்கொழும்பில் பழைய சாமான் கடையொன்றில் டான்ஃபோர்த் வகை நங்கூரம் 15 கிலோவில் ஒன்று வாங்கி வந்தார், கூடவே ஜீப்புக்குப் பூட்டும் 12 வோல்ட் வின்ச்சும். டான்ஃபோர்த் என்பது இரண்டு தட்டையான அலகு, நடுவில் தண்டு, அலகு இரண்டும் தண்டோடு ஏறத்தாழ 32 பாகை வரை விரியும். மணலிலும் களியிலும் மண்வெட்டி மாதிரி இறங்கும். 1940 வாக்கில் அமெரிக்காவில் டான்ஃபோர்த் என்பவர் செய்தது, மேலே சொன்ன கரையேறும் கப்பல்களிலும் இதை வைத்தார்கள். ஆகவே வகை சரி. கலப்பை மாதிரி இருக்கும் சி.கியூ.ஆர். என்ற இன்னொன்றும் இருக்கிறது, அதை 1933இல் ஒரு கணித அறிஞர் கடல் விமானங்களை நிறுத்த உருவாக்கினார். பக்கத்துக் காசல்ரீ நீர்த்தேக்கத்தில் விமானம் தண்ணீரில் இறங்குவதைப் பார்த்தபோதெல்லாம் எனக்கு இது தெரியாமல் போனதே என்று இப்போது தோன்றுகிறது. சரி, அது வேறு கதை.

அந்த ஜோடியைச் சோதித்த நாளில் நடந்தது இதுதான். மூக்கு மண்ணில். சரக்கு இறக்கியாயிற்று. சுவிட்சைத் தட்டினோம். வின்ச் ஜோராகச் சுற்றியது, கம்பி வந்தது, எல்லாருக்கும் சந்தோஷம். தெப்பம் மட்டும் அதே இடத்தில். கொஞ்ச நேரத்தில் பின்பக்கத் தண்ணீரில் சேறு கலங்கியது, பிறகு நங்கூரமே தலையைக் காட்டியது. நாங்கள் நங்கூரத்திடம் போகவில்லை, நங்கூரம் எங்களிடம் வந்துவிட்டது. மோட்டாரைத் தொட்டால் கை சுட்டது, பேட்டரி படுத்துவிட்டது. அந்த மாதிரி வின்ச் பாரம் ஏறினால் நூறு ஆம்பியருக்கு மேல் குடிக்கும், ஒன்றிரண்டு நிமிஷம் இழுத்துவிட்டு ஆறவிட வேண்டிய சாதி. சேற்றில் புதைந்த ஜீப்புக்கு அது போதும். தினம் நாலு தடவை இழுக்க அல்ல. அதன் கம்பியும் 25 மீட்டர்தான். அதுதான் உண்மையான குற்றவாளி.

ஏனென்றால் நங்கூரம் எடையால் பிடிப்பதில்லை, இழுக்கும் கோணத்தால் பிடிக்கிறது. தண்டு அடிமண்ணோடு படுத்துக் கிடக்கும்படி இழுத்தால் அலகு ஆழமாக இறங்கும். மேல்நோக்கி இழுத்தால் பிடுங்கிக்கொண்டு வரும். 25 மீட்டர் கம்பி 9 மீட்டர் ஆழத்தில் போனால் கிட்டத்தட்ட 20 பாகையில் மேல்நோக்கி இழுக்கிறது. பெரியப்பா தேயிலையில் கற்றதும் இதுவே, தலைகீழாக. ஆழத்தோடு கயிறு புறப்படும் உயரத்தையும் சேர்த்து, அதைப் போல ஏழு மடங்கு நீளம் விட வேண்டும் என்பது கயிற்றுக்குப் பொதுவான கணக்கு. முழுதும் சங்கிலியானால் ஐந்து மடங்கு போதும். சங்கிலி தன் பாரத்தால் அடியில் படுத்துக் கோணத்தைக் காப்பாற்றும்.

அப்புறம்தான் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். முதலில் காற்று. மணிக்கு 60 கிலோமீட்டர் காற்று ஒரு சதுர மீட்டர் தட்டையான பரப்பில் ஏறத்தாழ 17 கிலோ அழுத்தும். எங்கள் உயரத்தில் காற்று பத்தில் ஒரு பங்கு இலேசு, அதைக் கழிக்கவில்லை, எங்கள் பக்கமே இருக்கட்டும். பக்கவாட்டில் தெப்பம், கேபின், அடுக்கிய மூட்டை எல்லாம் சேர்த்து 12 சதுர மீட்டர். ஆக 200 கிலோ சொச்சம். மூக்கு மண்ணில் இருப்பதால் அதில் பாதியை மண் வாங்கிக்கொள்ளும். காற்று வேகம் இரட்டித்தால் பாரம் நாலு மடங்காகும் என்பதையும் மறக்கக் கூடாது, ஆனால் அப்படிக் காற்று அடிக்கிற நாளில் தெப்பம் ஓட்டக் கூடாது என்று முதலாளியிடம் சொல்லிவிட்டேன்.

பெரிய பாரம் காற்று இல்லை, மண். தெப்பத்தின் பரப்புக்கு ஒரு டன் ஏற்றினால் 3 சென்டிமீட்டர் அமிழும். சரக்கு இறக்கினால் அந்தக் கணக்கில் மேலே வரும். ஆனாலும் மூக்கு கொஞ்சம் மண்ணில் உட்கார்ந்தே இருக்கும், களி வேறு உறிஞ்சிப் பிடிக்கும். ஒரு டன் மண்ணில் உட்கார்ந்தால் நகர்த்த அரை டன் இழுவை வேண்டும் என்று வைத்துக்கொண்டேன். நங்கூரமும் அந்த அரை டன்னைத் தாங்க வேண்டும். நல்ல களியில் டான்ஃபோர்த் தன் எடையைப் போல இருபது மடங்கு பிடிக்கும், இளகிய சேற்றில் பத்து மடங்கு என்றே வைத்தேன். 30 கிலோவானால் 300 முதல் 600 வரை. 15 கிலோவைக் கொடுத்துவிட்டு 30 கிலோ எடுத்தோம்.

ஒரு நல்ல விஷயம், அடி கரையை நோக்கி ஏறுகிறது. நாங்கள் இழுப்பதும் கரைப் பக்கமாகவே. ஏற்றத்தில் இழுபடும் அலகு மண்ணுக்குள் குத்திக்கொண்டு போகும். இதையே நேர்மாறாக, கரைக்காற்றில் தெப்பத்தை வெளியே நிறுத்த நம்பினால் நங்கூரம் சரிவில் வழுக்கிக்கொண்டு போகும். அப்போது கரையில் ஒரு டர்பன்டைன் மரத்தில் கட்டுவது புத்திசாலித்தனம்.

சங்கிலி 10 மில்லிமீட்டர், கண்ணி குட்டையானது, துத்தநாகம் பூசியது, 15 மீட்டர். மீட்டருக்கு 2.3 கிலோ, மொத்தம் 34. பலத்துக்கு மட்டும் என்றால் 8 மில்லிமீட்டரே தாராளம். பாரத்துக்காகவும், கல்லில் உரசித் தேய்வதற்காகவும் 10. அதற்குப் பின்னால் 16 மில்லிமீட்டர் நைலான் கயிறு 85 மீட்டர். நைலான் நீண்டு கொடுக்கும், வெட்டுக்காற்றின் உதறலை வாங்கும், தண்ணீரில் மூழ்கும், புரொப்பெல்லருக்கு வராது. கயிற்று நுனியில் இரும்புத் திம்பிள், அதாவது கயிறு தேயாமல் காக்கும் வளையம், வைத்துப் பிரிகளைத் திரும்பப் பின்னினேன். முடிச்சுப் போட்டால் கயிறு ஏறத்தாழ பாதிப் பலத்தை இழக்கும், பின்னினால் பத்தில் ஒன்றுதான். கயிற்றையும் சங்கிலியையும் இணைக்கும் ஷேக்கிள் கொக்கியின் ஆணியைக் கட்டுக்கம்பியால் கட்டினேன். கட்டாத ஆணி சேற்றுக்குள் தானே கழன்றுகொள்ளும்.

வின்ச்சுக்கு வருகிறேன். முதலில் சங்கிலிக் கண்ணிக்குள் பல் விழுகிற சக்கரம் வைத்த வின்ச் பார்த்தேன். கொழும்பு பஞ்சிகாவத்தையில் ஒன்று அகப்பட்டது. நல்லவேளை, பத்துக் கண்ணி நீளத்துக்குச் சங்கிலித் துண்டைச் சாக்கில் போட்டுக் கொண்டுபோயிருந்தேன். 10 மில்லிமீட்டர் சங்கிலியிலேயே கண்ணிக்குக் கண்ணி 28 மில்லிமீட்டர் வருவதும் உண்டு, 30 வருவதும் உண்டு. கண்ணால் பார்த்தால் தெரியாது, பத்துக் கண்ணிக்கு அளந்தால் 280க்கும் 300க்கும் வித்தியாசம் பல்லிளிக்கும். அந்தச் சக்கரத்தில் எங்கள் சங்கிலி மூன்று பல் உட்கார்ந்து நாலாவதில் ஏறிக் குதித்தது. கடைக்காரர் "போகப் போக சரியாயிரும் பாஸ்" என்றார். போகப் போக விரல்தான் போகும். கும்பிட்டுவிட்டு வந்தேன்.

கடைசியில் கையால் சுற்றும் வின்ச்சை நானே செய்தேன். தேயிலை ஸ்டோரில் கழித்துப் போட்ட வார்ம் கியர்ப்பெட்டி ஒன்று, திருகு ஒன்று பல்சக்கரத்தைச் சுற்றும் வகை, 1:40, அதாவது கைப்பிடி நாற்பது சுற்றுக்கு டிரம் ஒரு சுற்று. கைப்பிடி 35 சென்டிமீட்டர். ஒரு ஆள் களைக்காமல் 15 கிலோ தள்ளுவான். வார்மில் பாதிக்கு மேல் உராய்வில் போய்விடும், 45 வீதம் மிஞ்சுகிறது என்று வைத்தேன். டிரம் 150 மில்லிமீட்டர் குழாய். முதல் அடுக்கில் 1100 கிலோ சொச்சம் இழுக்கும், கயிறு ஆறாவது அடுக்குக்கு ஏறியபோது 580தான். அடுக்கு ஏற ஏற ஆரம் கூடி இழுவை குறைகிறது. கடையில் வின்ச்சின் மேல் எழுதியிருக்கும் பாரம் எப்போதும் முதல் அடுக்குக்கு உரியது, இதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. எங்களுக்கு நல்லபடியாக, மண்ணிலிருந்து கழற்றும்போது கயிறு பெரும்பாலும் வெளியே இருக்கும். மூன்றாவது அடுக்கு, 800 கிலோ.

பலம் சரி. வேகம்? 55 மீட்டர் கயிற்றைக் கியரிலேயே சுற்றினால் கைப்பிடியை 2600 தடவை சுற்ற வேண்டும். காகிதத்தில் அந்த எண்ணைப் பார்த்ததும் ஒரு பிளேன்டீ குடித்தேன். அதனால் டிரம்முக்கும் கியருக்கும் நடுவில் லேத்தில் கடைந்த பல் கிளச் ஒன்று. நெம்புகோலைத் தள்ளினால் டிரம் தனியாகச் சுற்றும். தெப்பம் மண்ணை விட்டுக் கழலும் வரைக்கும், அதாவது மூன்று நாலு மீட்டருக்கு மட்டும் கியர். மிதந்த பிறகு கையால் கயிற்றை வாங்கி டிரம்மைப் பக்கச் சக்கரத்தால் சுற்றிவிடலாம்.

தனியாகச் சுற்றும் டிரம்முக்கு பிரேக் கட்டாயம். சங்கிலியும் நங்கூரமும் 64 கிலோ, அது கீழே பாயும்போது டிரம் பம்பரமாகி, கயிறு தளர்ந்து குருவிக்கூடு மாதிரி சிக்கிக்கொள்ளும். 50 மில்லிமீட்டர் பட்டை இரும்பை டிரம் விளிம்பைச் சுற்றி வளைத்து, உள்ளே லொறி பிரேக் லைனிங்கை வெட்டி ரிவெட் அடித்தேன். ஒரு திருகைச் சுற்றினால் இறுகும். வார்ம் தானே பின்னுக்குச் சுற்றாது என்பார்கள், அதிர்வில் நழுவும் என்றும் சொல்வார்கள். நான் இரண்டாவது கட்சி. ஒரு பல்சக்கரமும் தடுப்பு நாக்கும் வைத்துவிட்டேன்.

டிரம்மில் ஒரு வேலை எனக்குப் பிடித்தது. சங்கிலி கயிற்றின் மேலேயே சுற்றினால் கயிற்றை அறுக்கும். அதனால் டிரம் நீளத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தகட்டால் மறித்தேன், இந்தப் பக்கம் கயிறு, அந்தப் பக்கம் சங்கிலி. தகட்டில் வெளிவிளிம்பிலிருந்து டிரம் வரைக்கும் 60 மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு பிளவு. கயிறு முடிந்து திம்பிள் வந்ததும் பிளவுக்குள் நழுவி அந்தப் பக்கம் மாறிவிடும். பிளவின் இரண்டு உதட்டையும் அரத்தால் உருட்டி, உப்புத்தாள் போட்டு, கடைசியில் பழைய நைலான் காலுறையை அதன் மேல் இழுத்துப் பார்த்தேன். ஒரு நூல் மாட்டினாலும் மறுபடி அரம். மூன்று தடவை மாட்டியது.

தெப்பத்தின் மேல்தளம் 4 மில்லிமீட்டர் தகடு, அதன் மேல் நேராக வெல்டிங் செய்தால் முதல் இழுவையிலேயே அப்பளமாக மடியும். 8 மில்லிமீட்டர் தகடு ஒன்றை அடியில் உள்ள இரண்டு குறுக்குச் சட்டங்களையும் தொடும்படி போட்டு, அதில் போல்ட் பூட்டினேன். தண்ணீரில் இறக்குவதற்கு முன் பட்டறை வாசலில் சோதனை. எங்கள் ரோடு பத்துக்கு ஒன்று ஏற்றம், லொறி 6 டன், நியூட்ரலில் போட்டு மேலே இழுத்தால் 600 கிலோ இழுவை. வீல் உராய்வு தனி. என் தம்பி கைப்பிடியைச் சுற்ற, லொறி எறும்பு மாதிரி ஏறியது. சில்லுக்குப் பின்னால் கல்லோடு இரண்டு பேர் கூடவே நடந்தார்கள். கொழுந்து கொண்டுவந்த அக்காமார் நின்று பார்த்துவிட்டு, "எஞ்சின் கெட்டுப்போச்சா தம்பி?" என்று கேட்டார்கள்.

தண்ணீரில் இப்போது ஒழுங்காக ஓடுகிறது. சின்னச் சின்னதாகக் கற்றவை சில. நைலான் இறுகி நிற்கும்போது அதன் நேர்க்கோட்டில் யாரும் நிற்கக் கூடாது, அறுந்தால் சாட்டை. மண்ணிலிருந்து கழற்றும் முன் எல்லாரும் பின்பக்கம் போய் நின்றால் மூக்கு எழும்பும், கைப்பிடி பாதி இலேசாகும். இதற்கு வின்ச்சே வேண்டாம், நாலு பருத்த ஆள் போதும். நங்கூரத்தை எடுக்கும்போது நேர் மேலே வந்ததும் கயிற்றைத் தளத்துக் கட்டைத்தூணில் கட்டிவிட்டு எல்லாரும் முன்பக்கம் நடப்போம். பின்பக்கம் எழும்பி நங்கூரத்தைப் பிடுங்கித் தரும், கியருக்கு நோகாது. இரவில் நிறுத்தினால் கயிற்றைத் தளர்த்தி விட வேண்டும், மழைக்காலத்தில் விடிவதற்குள் மட்டம் ஏறிவிடும்.

பெரியப்பாவின் பாடமும் சேர்ந்தது. நங்கூரத்தின் அலகு சேருமிடத்தில், அதாவது அடிப்பக்கத்தில், தனியாக ஒரு மெல்லிய கயிறு, அதன் மறுநுனியில் 5 லீட்டர் எண்ணெய்க் கேன். வேரில் மாட்டினால் கேனைப் பிடித்து அந்தக் கயிற்றை இழுக்கிறோம். போன வழியே திரும்பி வருகிறது. இதுவரை ஏழெட்டுத் தடவை காப்பாற்றியது.

பங்குனியில் மட்டம் நன்றாக இறங்கியது. சிவனொளிபாதமலைக்குப் போகிற யாத்திரைக்காரர்களின் பஸ் நல்லதண்ணிப் பக்கம் வரிசையாகப் போய்க்கொண்டிருந்த ஒரு ஞாயிறு. பெரியப்பாவைக் கூட்டிக்கொண்டு வெடித்த சேற்றில் நடந்தேன். சேற்றின் மேல் நீலம் தெரிந்தது, எங்கள் கயிற்றின் துண்டு. அதைப் பிடித்துக்கொண்டு போனால், கொக்கி நங்கூரம். ஒரு கொக்கி தேயிலைக் கட்டையின் அடியில் முழங்கை அளவு போயிருந்தது, இன்னொன்று பக்கத்துக் கட்டையில். இரண்டு கட்டையும் கறுப்பாக, கல் மாதிரி, வரிசை பிசகாமல்.

பெரியப்பா கம்பை ஊன்றிக்கொண்டு வரிசையை எண்ணினார். பிறகு கான் போகிற திசையைப் பார்த்தார்.

"இது எங்க அம்மா கொழுந்து எடுத்த மலை. தண்ணி வரும்போது எனக்குப் பதினாறு வயசு. செடியப் புடுங்காமலே விட்டுட்டாங்க."

வாள் கொண்டுபோயிருந்தேன். அவர் வாங்கவில்லை. கொக்கியின் காலைப் பிடித்து, அது நுழைந்த பக்கமே சாய்த்து இரண்டு தடவை ஆட்டினார். கழன்று வந்தது.